பதிவேடு முடியும் வயதில் தொடங்கும் பருவம்

மாதவிடாய் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்கள் வராவிட்டால், அது நின்றுவிட்டது என்று மருத்துவம் முடிவு செய்கிறது. நின்ற நாள் எது என்பது ஓராண்டு கழிந்த பிறகுதான் உறுதியாகிறது. உலகில் பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. மேற்கு நாடுகளில் சராசரி வயது 51. இந்தியாவில் அது 46, 47 அளவிலேயே வந்துவிடுகிறது. இலங்கைப் பெண்களுக்கு ஐம்பதை ஒட்டி வருகிறது. 40க்கும் 45க்கும் இடையில் நின்றால் முன்கூட்டிய நிறுத்தம் என்றும், 40க்கு முன்பே நின்றால் சூலகங்களின் தளர்ச்சி என்றும் எடுத்துக்கொண்டு, காரணத்தைத் தேடி வைத்தியம் செய்ய வேண்டும். இலங்கையில் பெண் குழந்தையின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 78 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அப்படியானால் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு பெண் வாழும் காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். பிள்ளை பெறும் வயதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்த இரண்டு முப்பது ஆண்டுகளையும் இலங்கையின் பொதுச் சுகாதாரம் ஒரே அக்கறையோடு பார்ப்பதில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில், எண்ணெய்க் குதங்களுக்கும் விமானப்படைத் தளத்துக்கும் மாவு ஆலைக்கும் நடுவே கிடக்கும் சீனன்குடாவிலும், குடும்ப நல உத்தியோகத்தரான மருத்துவ மாது வீடு வீடாக வருகிறார். கர்ப்பிணி எத்தனையாவது மாதம், குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாட்டில் தாய்மார் இறப்பு பெரிதும் குறைந்திருப்பதற்கு இந்த ஏற்பாடே முதன்மையான காரணம். ஆனால் அவர் கையிலுள்ள குடும்பப் பதிவேடு 15 வயது முதல் 49 வயது வரையான பெண்களுக்கானது. குழந்தைப்பேறும் குடும்பக் கட்டுப்பாடும் அதன் நோக்கம். மாதவிடாய் தடுமாறி நிற்கும் வயதில் பெண் அந்தப் பதிவேட்டை விட்டு வெளியே போகிறாள். அரசு வீடு தேடி வந்து கேட்ட காலம் அத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவளே தேடிப் போக வேண்டும். எதைத் தேடிப் போவது என்று சொல்லித்தருபவர்கள்தான் குறைவு.

உடலுக்குள் நடப்பதை முதலில் பார்க்கலாம். பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அதன் சூலகங்களில் அறுபது, எழுபது இலட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது அவை பத்து முதல் இருபது இலட்சமாகக் குறைந்துவிடும். பெரியபிள்ளை ஆகும்போது மூன்று நான்கு இலட்சம் மிஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தாமாகவே அழிந்துபோகும். நாற்பதுகளில் கையிருப்பு குறையக் குறைய, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி சூலகங்களை உந்தும் ஹோர்மோனை மேலும் மேலும் சுரக்கிறது. சூலகம் ஒரு மாதம் அதற்குப் பதில் சொல்லும், அடுத்த மாதம் சொல்லாது. சூலகம் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்ற ஹோர்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கடைசியில் அடங்குகிறது. இந்தக் காலத்துத் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த ஏற்ற இறக்கத்தால் வருவதே.

ஆகவே மாதவிடாய் ஒரு நாளில் சட்டென்று நிற்பதில்லை. பலருக்கு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இடைக்காலம் ஒன்று இருக்கும். முதலில் இருபத்தெட்டு நாள் சுற்று இருபத்திரண்டாகச் சுருங்கும். பிறகு இரண்டு மாதம் வராது. வந்தால் கட்டி கட்டியாகப் படும். துணி மாற்றி மாளாமல், பஸ்ஸில் ஏறத் தயங்கி, வேலைக்கு விடுப்பு எடுக்கும் பெண்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். அளவுக்கு மீறிய இரத்தப்போக்கால் இரத்தச்சோகை வந்து, படியேறினாலே மூச்சு வாங்கும். அதை “வயசு போகுது” என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்துக் குளிசை உண்டு, போக்கைக் கட்டுப்படுத்த மருந்துகளும் கருப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் சாதனமும் உண்டு. கருப்பையில் கட்டி இருக்கிறதா என்பதை ஸ்கேன் காட்டிவிடும். இன்னொரு செய்தியும் இங்கே சொல்லப்பட வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனதும் இனிக் கரு தங்காது என்று நினைப்பது தவறு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டும், ஐம்பதுக்குக் குறைந்தவர் இரண்டாண்டும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும். நாற்பத்தாறு வயதில், மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசும் வீட்டில், எதிர்பாராத கர்ப்பம் எவ்வளவு சங்கடம் என்பது எல்லாரும் அறிந்ததே.

கருப்பையை அகற்றியவர்களின் நிலை வேறு. சூலகங்களை விட்டுவைத்துக் கருப்பையை மட்டும் எடுத்தால் இரத்தம் படுவது நின்றுவிடும், ஆனால் ஹோர்மோன் சுரப்பு தொடரும். சூலகங்களையும் எடுத்துவிட்டால் பல ஆண்டுகளில் நிகழ வேண்டிய மாற்றம் சில நாட்களிலேயே வந்து இறங்கும், தொல்லையும் கடுமையாக இருக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்பே எதை எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டு, நோயாளிக் குறிப்பில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது பிற்காலத்தில் எந்த வைத்தியருக்கும் உதவும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தின் அடையாளமாக உலகமெங்கும் சொல்லப்படுவது உடலில் திடீரென்று எழும் சூடு. சீனன்குடாவில் அது எளிதாக ஒளிந்துகொள்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து உலர்ந்து வீசும். நண்பகலில் தகரக் கூரையின் கீழ் நிற்க முடியாது. எல்லாருக்கும் வேர்க்கிறது, எல்லாரும் “வெக்கை” என்கிறார்கள். அடுப்படியில் நிற்கும் நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறி, காது மடல் எரிந்து, நெற்றியில் வேர்வை முத்துக்கட்டுவதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அவளும் கவனிப்பதில்லை. ஆனால் வித்தியாசம் உண்டு. வெக்கை ஒரே சீராக இருக்கும், நிழலுக்கு வந்தால் தணியும். ஹோர்மோன் சூடு ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், முடிவில் குளிர்வது போலிருக்கும். நிழலிலும் வரும், மார்கழி மழையிலும் வரும், விடியற்காலை மூன்று மணிக்குத் தலையணை நனையவும் வரும். மழைக்காலத்திலும் அப்படி வேர்க்கிறதா என்ற ஒரு கேள்வியே பலருக்கு விடையைத் தந்துவிடும்.

இந்தச் சூட்டின் ஊற்று தோலில் இல்லை, மூளையில் இருக்கிறது. ஹைப்போதலமஸ் என்ற பகுதி உடலின் வெப்பத்தைக் குறிப்பிட்ட எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஈஸ்திரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்புக் கலங்கள் கட்டுமீறித் தூண்டப்பட்டு, அந்த எல்லை மிகவும் குறுகிவிடுகிறது. உடல் வெப்பம் இம்மியளவு கூடினாலும் மூளை அபாயம் என்று எடுத்துக்கொண்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைக் கொட்டச் செய்கிறது. இந்த நரம்புக் கலங்களையே குறிவைக்கும் ஹோர்மோன் அல்லாத மருந்து ஒன்று, பெசோலினெடன்ட், 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தத் தொல்லை சில மாதங்களில் போய்விடும் என்று ஆறுதல் சொல்வதுண்டு. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், அடிக்கடி சூடு வந்தவர்களிடம் அது நீடித்த காலம் சராசரி அளவில் ஏழு ஆண்டுகளுக்கு மேல்.

எல்லாப் பெண்களுக்கும் சூடுதான் முதல் தொல்லை என்பதும் இல்லை. 45 முதல் 60 வயது வரையான இலங்கைப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டும் தசையும் வலிக்கிறது என்றவர்கள் பத்தில் ஏழு பேருக்கு மேல். உடலும் மனமும் களைத்துப்போகிறது என்றவர்கள் பாதிப் பேருக்கு மேல். சூடு என்றவர்கள் பத்தில் நான்கு பேர் அளவில்தான். சீனன்குடா, தம்பலகாமம், கிண்ணியாப் பகுதிகளில் வயலில் குனிந்தும், மீன் அறுத்துக் கருவாடு போட்டும், தண்ணீர் சுமந்தும் உழைத்த பெண்ணுக்கு முழங்காலும் தோள்மூட்டும் வலித்தால் வேலைமேல் பழி போடுவது இயல்பு. தைலம் பூசிச் சமாளிப்பார்கள். அந்த வலியில் ஹோர்மோனுக்கும் பங்கிருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

தூக்கமின்மையும் மனநிலை மாற்றமும் இந்த மாவட்டத்தில் இன்னும் ஆழமான சிக்கல். காரணமில்லாத எரிச்சல், திடீர் அழுகை, பெயர்கள் நினைவுக்கு வராமை, பயம் ஆகியவை இந்தப் பருவத்தில் பலருக்கு வருகின்றன. முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது திரும்பும் வாய்ப்பு கூடுதல். இன்று ஐம்பதை ஒட்டியிருக்கும் திருகோணமலைப் பெண்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவர்கள் முப்பதின் வாசலில் நின்ற இளம் தாய்மார். 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் சண்டை மூண்டபோது கைக்குழந்தையோடு ஓடியவர்கள் அவர்களில் உண்டு. சம்பூர் மக்களுக்குத் தம் நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல்தான். கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைச் சுமந்தவர்கள், பிள்ளைகளை உம்மாவிடம் விட்டு மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போனவர்கள் இதே தலைமுறை. இப்படிப்பட்ட பெண் இரவு மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து வேர்த்து எழுந்தால், அது பழைய பயமா, ஹோர்மோனா, இரண்டும் சேர்ந்ததா என்று பிரித்தறியப் பொறுமையாகக் கேட்கும் ஒருவர் வேண்டும். தூக்கக் குளிசை மட்டும் கொடுத்து அனுப்புவது அநியாயம். தூக்கத்துக்கும் சூட்டுக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர் தரும் மனநலப் பேச்சுச் சிகிச்சை பயன் தருகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் குறைந்த அளவில் சூட்டையும் தணிக்கின்றன.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாதது இன்னொன்று. பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்ந்துபோவதால் எரிச்சலும் அரிப்பும் தாம்பத்திய உறவில் வலியும் வரும். அடிக்கடி சலம் கடுத்துப் போகும், இருமினால் தும்மினால் கசியும், சலத்தில் கிருமித்தொற்று திரும்பத் திரும்ப வரும். சூடு காலப்போக்கில் தணிந்துவிடும், இது தணியாது. வைத்தியம் செய்யாவிட்டால் வயதோடு கூடும். வைத்தியமோ மிக எளிது. அந்த இடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்திரோஜன் கிறீம் இரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை, பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. ஹோர்மோன் வேண்டாதவர்களுக்கு வழுக்கித் தன்மை தரும் ஜெல்கள் உண்டு. உறவுக்கு மனைவி மறுக்கிறாள் என்று கணவன் கோபிப்பதும், தன் வலியைச் சொல்லத் தெரியாமல் மனைவி ஒதுங்குவதும், இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் அதனால் பேச்சு நின்றுபோவதும் வைத்தியர்கள் நன்கு அறிந்த கதை. ஒரு சிறிய கிறீம் தீர்க்கக்கூடிய பிரச்சினைக்கு இவ்வளவு பெரிய விலை தேவையில்லை.

எல்லாவற்றையும் மாதவிடாய் நிற்பதன்மேல் போடவும் கூடாது. தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் வேர்க்கும், படபடக்கும். குறைவாக வேலை செய்தால் களைப்பும் மறதியும் வரும். ஓர் இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். இலங்கையில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. அதற்குக் குளிசை எடுப்பவர் இராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டுப் படுத்தால், நடுச்சாமத்தில் சீனி இறங்கியும் வேர்க்கும். நடக்கும்போது நெஞ்சு இறுகி இடது கையோ தாடையோ வலித்தால் அது சூடு அல்ல, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியது.

வெளியே தெரியாமல் நடப்பவை எலும்பிலும் இரத்தக் குழாயிலும். எலும்பு தேய்ந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும் உறுப்பு. தேய்மானத்தை அடக்கிவைத்திருந்தது ஈஸ்திரோஜன். அது போனதும் மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. முதல் ஐந்தாண்டுகளில் பத்துச் சதவீதம் வரை இழப்பவர்களும் உண்டு. வலி இராது, அறிகுறி இராது. அறுபத்தைந்து வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறியும்போதுதான் தெரியவரும். கெட்ட கொழுப்பும் இதே காலத்தில் கூடுகிறது, இடுப்பைச் சுற்றிச் சதை சேர்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஐம்பதுக்கு முன் ஆண்களைவிடப் பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்ற அனுகூலம் மெல்ல மெல்லக் கைநழுவிப் போகிறது.

எலும்புக்கு வேண்டிய சாப்பாடு இந்தக் கரையில் தட்டுப்பாடு இல்லை. ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் அளவு கல்சியம் வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்தலி, எருமைத் தயிர், குரக்கன், எள், முருங்கை இலை எல்லாம் அதைத் தரும். ஆனால் நல்ல துண்டு மீன் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போய், பெண்ணின் தட்டில் சோறும் குழம்பும் மிஞ்சும் வழக்கம் மாறாமல் பட்டியல் போடுவதில் பயன் குறைவு. வெயில் கொளுத்தும் ஊரிலும் விற்றமின் டி குறைபாடு இலங்கையில் சாதாரணம். உடல் முழுக்க மூடி, வெயில் ஏறிய பின் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது கூடுதல். தினமும் அரைமணி வேக நடையும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எலும்பைக் காக்கும். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்ற வாதம் எலும்புக்குப் போதாது. சோயாவில் ஈஸ்திரோஜனைப் போன்ற தாவரப் பொருள் இருக்கிறது. சோயா மீட் கறியால் சிலருக்குச் சூடு சற்றுக் குறையலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நாட்டு வைத்தியத்தையும் இங்கே தொட்டாக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது, மாவட்டத்தில் பதிவுபெற்ற சித்த வைத்தியர்களும் இருக்கிறார்கள். சாத்தாவாரிக் கஞ்சியும், அதே செடியான தண்ணீர்விட்டானின் கிழங்கு சேர்ந்த லேகியங்களும் பெண்களுக்கு நீண்ட காலமாகக் கொடுக்கப்படுபவை. இவற்றின் பலனைப் பெரிய ஆய்வுகள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. பதிவுபெற்ற வைத்தியரிடம், வேறு என்னென்ன மருந்து எடுக்கிறோம் என்பதைச் சொல்லி எடுப்பதில் தவறில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் எந்த மூலிகையையும் புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. பெயர் தெரியாத குளிசைகளைச் சந்தையில் வாங்குவது யாருக்குமே ஆபத்து.

சூட்டுக்கு மிகவும் பலன் தருவது ஹோர்மோன் மாற்றுச் சிகிச்சைதான். அதன்மீதுள்ள பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சேர்த்து நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் இடைநிறுத்தப்பட்டது. ஈஸ்திரோஜனும் புரஜெஸ்ரினும் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை கூடியிருந்தன. உலகெங்கும் செய்தி பரவி, இலட்சக்கணக்கானோர் மருந்தை நிறுத்தினார்கள். அந்தக் கூடுதல் எவ்வளவு என்பது செய்தியோடு சேர்ந்து பரவவில்லை. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் எட்டுப் பேருக்குக் கூடுதலாக வரும். அதே பத்தாயிரத்தில் இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்குக் குறைந்திருந்தது. முக்கியமாக, ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்தாண்டு கடந்தவர்கள் அதில் ஏராளம். பிறகு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, தொல்லை கடுமையாக இருந்தால் நன்மையே கூடுதல் என்ற முடிவுக்கு உலகின் மருத்துவச் சங்கங்கள் வந்தன. 2025 நவம்பரில், இந்த மருந்துகளின் பெட்டியில் இருந்த கடும் எச்சரிக்கையை நீக்கப்போவதாக அமெரிக்க அரசே அறிவித்தது.

இது எல்லாருக்கும் உரிய மருந்து என்று இதற்குப் பொருளில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், ஈரல் நோயாளி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர் எடுக்கக் கூடாது. கருப்பை இருப்பவருக்கு ஈஸ்திரோஜனோடு புரஜெஸ்ரினும் கட்டாயம் சேர வேண்டும், இல்லாவிட்டால் கருப்பையின் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடம் வைக்கும். தோலில் பூசும் ஜெல், ஒட்டும் பட்டி ஆகிய வடிவங்களில் இரத்தம் உறையும் ஆபத்து குளிசையைவிடக் குறைவு. 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்களின் கணக்கு தனி. அவர்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்க, இயல்பாக நிற்கும் வயது வரை இந்தச் சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

ஊர் வழக்கம் இந்தப் பருவத்தை எப்படிப் பார்க்கிறது என்பதும் பெண்ணின் அனுபவத்தைத் தீர்மானிக்கிறது. பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், வீடியோ, உளுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஊரே கூடிக் கவனிக்கிறது. மாதவிடாய் முடியும்போது கவனிக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஆனாலும் பலருக்கு இது விடுதலை. கோயில் காரியங்களில் தீட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. சபரிமலைக்குப் போகும் குழுக்களில் ஐம்பது கடந்த அம்மாமாரும் சேர்ந்துகொள்கிறார்கள். கிண்ணியாவிலும் வெள்ளைமணலிலும் வாழும் முஸ்லிம் பெண்கள் ரமழானில் விட்டுப்போன நோன்புகளைப் பிறகு கழாச் செய்ய வேண்டிய நிலை நின்று, முப்பது நோன்பையும் தொடர்ந்து பிடிக்க முடிகிறது. இடைக்காலத்திலோ குழப்பம்தான் மிச்சம். பதினைந்து நாள் விட்டு விட்டுப் பட்டால் தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்ற கேள்வி எழும். விவாகரத்துக்குப் பின் இருக்கும் இத்தாவின் கணக்கும் மாதவிடாய் வருபவருக்கு மூன்று சுற்று, நின்றவருக்கு மூன்று மாதம் என்று மாறுகிறது. இந்தக் கேள்விகளோடு பெண்கள் ஆலிம்களிடம் போகிறார்கள். இரத்தப்போக்கு நீடித்தால் வைத்தியரையும் பாருங்கள் என்று அந்த இடத்திலேயே சொல்லப்பட்டால் பல நோய்கள் முன்கூட்டியே பிடிபடும்.

பிள்ளை பெறும் காலம் முடிந்த பெண் பயனற்றவள் என்ற எண்ணம் எங்காவது மிஞ்சியிருந்தால், அதற்கு இந்தக் கடலிலேயே மறுப்பு இருக்கிறது. பாலூட்டிகளில் குட்டி ஈனும் காலம் முடிந்த பிறகும் பெண்கள் நெடுங்காலம் வாழும் இனங்கள் அபூர்வம். மனித இனத்தைத் தவிர உறுதியாகத் தெரிந்தவற்றில் முதன்மையானவை பல்லுள்ள திமிங்கிலங்கள் ஐந்து வகை. அவற்றில் ஒன்று வெப்பக் கடல்களில் வாழும் பைலட் திமிங்கிலம். 2017 மே மாத இறுதியில் சம்பூர்க் கரையில் ஒதுங்கிய இருபது அளவு பைலட் திமிங்கிலங்களைக் கடற்படையினரும் ஊராரும் கடலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். இதே இயல்புள்ள ஓர்க்காத் திமிங்கிலங்களில், இரை குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தை இரை இருக்கும் இடத்துக்கு முன்னின்று அழைத்துப்போவது முட்டை வற்றிய மூத்த பெண்கள்தாம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மனிதரிலும் பேரப்பிள்ளைகளின் பிழைப்புக்குப் பாட்டிமார் தந்த உதவியே இந்த நீண்ட பின்வாழ்வுக்குக் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். மகள் வெளிநாட்டிலும் வேலையிலும் இருக்க, பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் அம்மம்மாவும் உம்மும்மாவும் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

இலங்கையில் இந்த வயதுப் பெண்களுக்கென்று ஒரு சேவை 1996 முதல் இருக்கிறது. குடும்ப நலப் பணியகம் தொடங்கிய அதை மக்கள் ‘வெல் வுமன் கிளினிக்’ என்றே சொல்கிறார்கள். 35 வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணும் போகலாம், காசு இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் குறித்த நாட்களில் நடக்கும், நாளை மருத்துவ மாதுவிடம் கேட்டால் சொல்வார். நிறையும் உயரமும் பார்த்து, இரத்த அழுத்தம் அளந்து, சீனிக்குப் பரிசோதித்து, மார்பகத்தைத் தொட்டுப் பார்த்து, வீட்டில் தானே சோதிக்கும் முறையைக் கற்றுத்தருவார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை 35 வயதிலும் 45 வயதிலும் குறிப்பாக அழைத்துச் செய்யப்படுகிறது. மறைப்புக்குப் பின்னால் சில நிமிட வேலை அது, கையாள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மேலும் பார்க்க வேண்டியவர்களைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மகப்பேற்று, பெண்நோயியல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்து ஆலோசனையும் இந்தக் கிளினிக்கின் வேலையில் அடங்கும். ஆனால் வரிசை நீளமாக இருக்கும் நாளில், கேட்காததைச் சொல்லித்தர நேரம் இருப்பதில்லை. ஆகவே கேட்பவர் தயாராகப் போக வேண்டும். கடைசியாக எப்போது பட்டது, முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது, இரவில் எத்தனை தரம் விழிப்பு வருகிறது, சலம் போவதில் சிரமமா, உறவில் வலியா என்பதைக் கலண்டரிலோ பிள்ளையின் கொப்பியிலோ எழுதிக்கொண்டு போனால் ஐந்து நிமிடத்தில் வேண்டியது கிடைத்துவிடும். 45 வயதுக்கு மேல் இந்த அறிகுறிகள் இருந்தால் ஹோர்மோன் அளவைக் காசு கொடுத்துச் சோதிக்கத் தேவையில்லை, வயதும் அறிகுறியும் போதும். அந்த அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு தடவைச் சோதனை தவறாகவும் வழிகாட்டும். 45இல் பாப் பரிசோதனைக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு பெண்ணிடமும் இந்தப் பருவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவது சுகாதாரத்துறைக்குப் புதிய செலவு எதையும் வைக்காது. பதிவேடு முடிவதற்கு முன் கிடைக்கும் கடைசிச் சந்திப்பு பலருக்கும் அதுதான்.

கல்யாணம் ஆகாத பெண்கள் அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. பிள்ளை பெறாதவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து சற்றுக் கூடுதல் என்றாலும், “எனக்கு எதுக்குக் கிளினிக்” என்று அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கிளினிக்குக்குத் திருமணம் ஒரு தகுதி அல்ல. உடலுறவே இல்லாதவருக்குப் பாப் பரிசோதனை வேண்டியிராது, மற்ற எல்லாம் வேண்டும்.

ஒன்றை மட்டும் எந்தப் பெண்ணும் அடுத்த கிளினிக் நாள் வரை தள்ளிவைக்கக் கூடாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு மறுபடி இரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், வைத்தியசாலைக்குப் போய்க் காட்ட வேண்டும். “திரும்பவும் வந்திருக்கு” என்று சந்தோசப்படுபவர்களும் வெட்கப்பட்டு மறைப்பவர்களும் உண்டு. அப்படிப் படுபவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குக் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் காணப்படுகிறது. மற்ற ஒன்பது பேருக்கும் காரணம் பெரும்பாலும் மெலிந்துபோன தோலோ சிறிய தசைவளர்ச்சியோதான். உட்புற ஸ்கேனும் உட்சவ்வில் எடுக்கும் சிறு மாதிரியும் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். தொடக்கத்திலேயே பிடிபட்ட உட்சவ்வுப் புற்றுநோயைச் சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்தலாம்.